எக்கோவுக்குத் தனி வழி! - பழவேற்காடு செட்டுக்காரரும் ஒரு ஆடி மாத அறிவிப்பும்

"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ..."

ஆடி மாதம் பிறந்துவிட்டால், பழவேற்காடு ஏரியைச் சுற்றியிருக்கும் குப்பங்களில் இந்தக் குரல் கேட்காத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. ஒரு பக்கம் அம்மனுக்குக் கூழ் கொதித்துக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் சவுக்குக் கம்பத்தில் யாராவது ஏறி ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருப்பார்கள். கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் ஏரிப் பக்கம் திருப்புடா" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்தான் நம்ம செட்டுக்காரர்.

லைட் ஹவுஸ் பக்கத்துக் குப்பம் ஒன்றில் அவருக்கு வீடு. வயது 55ஐத் தாண்டிவிட்டது. அப்பாவும் தாத்தாவும் வலை போட்டவர்கள். இவருக்கு மட்டும் சின்ன வயதிலிருந்தே ரேடியோ பெட்டிமேல் ஆசை. இசைத்தட்டு சுழன்ற காலத்தில், ஒரு மைக் செட்காரரிடம் ஒயர் சுருட்டப் போய்ச் சேர்ந்தவர், பிறகு சொந்தமாக ஒரு அகுஜா ஆம்ப்ளிஃபயர் வாங்கித் தனிக்கடை போட்டார். இப்போது சுத்துப்பட்டுக் குப்பங்களில் பிள்ளைகளுக்கு அவர் பெயரே தெரியாது. எல்லோருக்கும் அவர் 'செட்டு அண்ணா'தான்.

மாதா திருவிழா, உரூஸ், அம்மன் கோயில் கூழ், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எதுவாக இருந்தாலும் செட் அவருடையதுதான். போர்ச்சுகீசியர் காலத்தில், 1515-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயிலும், பழைய பள்ளிவாசல்களும், குப்பத்துக்குக் குப்பம் அம்மன் கோயில்களும் இருக்கிற ஊர் இது. யார் வீட்டு விசேஷமானாலும் அவரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்.

"அண்ணா, எக்கோ கொஞ்சம் தூக்கலா போடுங்க!"

அவரும் போடுவார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. மூன்று வருடங்களுக்கு முந்தைய ஒரு ஆடி மாத இரவு வரைக்கும்.

அந்த ராத்திரி

திருவிழா நாளில் யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஆனால், முந்தின நாள் போட்ட நண்டு வலையை எடுத்துவருவதற்காக இரண்டு பையன்கள் மத்தியானம் ஏரிக்குள் போயிருந்தார்கள். "விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துடுறோம்" என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

ராத்திரி எட்டரை மணி இருக்கும். மேடையில் பாட்டுக் கச்சேரி உச்சத்தில் இருந்தது. அப்போது ஊர்ப் பெரியவரின் செல்போன் அடித்தது. பேசியது அந்தப் பையன்களில் ஒருவன். என்ஜின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டு விட்டது, வற்று நீர் முகத்துவாரத்தை நோக்கி இழுக்கிறது, போட் மணல் திட்டில் தட்டி நிற்கிறது, எந்த நேரமும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பழவேற்காடு ஆட்களுக்கு இதன் அர்த்தம் நன்றாகத் தெரியும். ஏரி கடலோடு சேரும் இடம்தான் முகத்துவாரம். நீர் வற்றும்போது ஏரித் தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குள் வேகமாக ஓடும். என்ஜின் இல்லாத போட் அதில் சிக்கினால், இருட்டில் கடலுக்குள் போய் நிற்க வேண்டியதுதான்.

பெரியவர் மேடைக்கு ஓடினார். பாட்டை நிறுத்தச் சொல்லி மைக்கை வாங்கினார்.

"முகத்துவாரத்துக்கிட்ட நம்ம போட் நிக்குது. என்ஜின் ஓடல. ரெண்டு போட் உடனே கெளம்பணும். டார்ச்சு, கயிறு எடுத்துக்கிட்டு கரைக்கு வாங்க."

அவர் சொன்னது இவ்வளவுதான். ஆனால், கரையோரம் நின்றவர்கள் காதில் விழுந்தது வேறு. 'முக... முக... துவா... துவா... போட்... போட்... போட்...'

பாட்டுக்காக வைத்திருந்த எக்கோ அப்படியே இருந்தது. பெரியவர் பதற்றத்தில் வேகமாகப் பேசப் பேச, ஒரு வார்த்தையின் மேல் இன்னொரு வார்த்தை ஏறி உட்கார்ந்தது. 'மிமிக்ரி போல இருக்கு' என்று நினைத்துப் பின்னால் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள்.

செட்டுக்காரர் பாய்ந்து எக்கோ மிஷினிடம் போனார். அதிலிருந்த திருகை இடது பக்கம் திருப்பினார். உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்த அந்தத் திருகு கரகரவென்று சத்தம் போட்டதே தவிர, எக்கோ குறையவில்லை. சரி, ஒயரைப் பிடுங்கிவிடலாம் என்று கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிடுங்கினால் எக்கோ மட்டும் போகாது. மைக் சத்தமே மொத்தமாகப் போய்விடும். அவர் செட்டைக் கோத்திருந்த விதம் அப்படி.

பெரியவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு மைக்கைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்து, கரையைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினார். வெறும் தொண்டைதான் கடைசியில் வேலை செய்தது. இரண்டு போட்டுகள் கிளம்புவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

நல்லவேளை, மணல் திட்டு போட்டை விடவில்லை. பத்தரை மணிக்குப் பையன்கள் இருவரும் நனைந்த உடம்போடு கரை வந்து சேர்ந்தார்கள். ஊரே அவர்களைச் சூழ்ந்துகொண்டது. செட்டுக்காரரை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஒரே ஒரு பெண்மணி மட்டும், பையன்களில் ஒருவனின் அம்மா, ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாகச் சொல்லவில்லை. அழுது ஓய்ந்த குரலில்தான் சொன்னார்.

"ஊருக்கே பாட்டு கேக்குதுண்ணா. எம்புள்ளைக்காகப் பேசுனது மட்டும் யாருக்கும் கேக்கலியே."

அன்று ராத்திரி செட்டுக்காரர் சாப்பிடவில்லை.

ஒரே வழி, ஒரே பாதை

தப்பு எங்கே இருந்தது என்பதை அவருடைய மகன்தான் மறுநாள் கண்டுபிடித்தான். டிப்ளமோவில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். லீவு நாளில் அப்பாவுக்கு ஒயர் பிடிப்பான்.

செட்டுக்காரர் கோத்திருந்த முறை இதுதான். மைக் எல்லாம் மிக்ஸருக்குள் போகும். மிக்ஸரிலிருந்து வெளியே வரும் சத்தம் நேராக எக்கோ மிஷினுக்குள் போகும். அங்கிருந்து ஆம்ப்ளிஃபயர், பிறகு ஸ்பீக்கர். ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஒரே வரிசை.

மிக்ஸர் என்று ஒன்று வருவதற்கு முன்னால், ஒரு மைக்கும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் மட்டும் இருந்த காலத்தில் கற்றுக்கொண்ட முறை அது. ஒரே மைக், ஒரே பாட்டுக்காரர் என்றால் அதில் பெரிய பிரச்னை இல்லை. ஆனால் எட்டு மைக் ஓடும் மேடையில் இப்படிக் கோத்தால், பாட்டுக்காரருக்குப் போட்ட எக்கோ தபேலாவுக்கும் போகும், கீபோர்டுக்கும் போகும், 'காணாமல் போன குழந்தை' அறிவிப்புக்கும் போகும். ஒருவருக்கு மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மிஷின் பழுதானால் மொத்த செட்டும் ஊமை.

"நைனா, எல்லாத் தண்ணியையும் எக்கோ வழியாத்தான் அனுப்புறே. தண்ணி நேரா போவட்டும். எக்கோவுக்குப் பக்கத்துல ஒரு சின்ன வாய்க்கா வெட்டுவோம்" என்றான் மகன்.

"எக்கோவை எடுத்துட்டா எவன்டா என்னைக் கூப்புடுவான்?" என்றார் அப்பா.

"எடுக்க வேணாம் நைனா. வழியைத்தான் மாத்தணும்."

எக்கோ மேல் ஏன் இவ்வளவு ஆசை?

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. எக்கோ இல்லாத மைக்கில் பாடச் சொன்னால் நல்ல பாட்டுக்காரர்கூடத் தடுமாறுவார்.

காரணம் எளிமையானது. கருங்கல் மண்டபத்தில் நின்று பாடினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து நம்மையே அணைத்துக்கொள்ளும். மாதா கோயிலின் உயரமான கூரைக்குக் கீழே ஜெபம் சொன்னாலும் அப்படித்தான். அந்தக் கார்வையைக் கேட்டுப் பழகிய காது நம்முடையது. ஆனால் ஏரிக்கரையில் சுவர் ஏது? இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் மணல். பாடின குரல் போனது போனதுதான், திரும்பி வராது. அந்த இல்லாத சுவரைத்தான் எக்கோ மிஷின் கட்டிக்கொடுக்கிறது.

உலகம் முழுக்க இதே ஆசைதான். 1947-ல் அமெரிக்காவின் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர், ஸ்டுடியோவின் குளியலறையையே எக்கோ அறையாக்கினார். அறையில் ஒரு ஸ்பீக்கரை வைத்துப் பாட்டை ஓடவிட்டு, சுவர்களில் மோதி வரும் சத்தத்தை இன்னொரு மைக்கில் பிடித்து, மூலப் பாட்டோடு கலந்தார். ஹார்மோனிகேட்ஸ் என்ற மௌத் ஆர்கன் குழுவின் அந்த இசைத்தட்டு பெரிய ஹிட் ஆனது. 1957-ல் ஜெர்மனியின் ஈ.எம்.டி நிறுவனம், பெரிய இரும்புத் தகடு ஒன்றை அதிரவைத்து இந்தக் கார்வையை உண்டாக்கும் 'ஈ.எம்.டி 140' கருவியைக் கொண்டுவந்தது. நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்கத் திணறும் எடை. 1974-ல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டேப்பில் ஓடும் 'ஸ்பேஸ் எக்கோ'வை விற்பனைக்கு விட்டது. 1985-ல் யமஹாவின் 'எஸ்.பி.எக்ஸ் 90' வந்தபோது எல்லாமே டிஜிட்டலாகி, ஒரு டிபன் கேரியரைவிட இளைத்த பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். புட்னம் குளியலறைக்கு அனுப்பியது பாட்டின் ஒரு பங்கைத்தான். மூலப் பாட்டு நேர் வழியில் போனது. எதிரொலி தனி வழியில் போய்த் திரும்பிவந்து கலந்தது. மகன் சொன்ன 'பக்கத்து வாய்க்கால்' முறை என்பதும் அதுதான்.

டேப் ஒட்டி வைத்த வரிசை

செட்டுக்காரரின் மிக்ஸர், சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. எட்டு மைக் போடலாம். ஒவ்வொரு மைக்குக்கும் மேலிருந்து கீழாக வரிசையாகத் திருகுகள். அதில் 'ஆக்ஸ்' என்று எழுதியிருந்த ஒரு வரிசையை மட்டும் அவர் தொட்டதே இல்லை. 'கை பட்டு எதாவது ஆயிடப் போகுது' என்று கறுப்பு டேப் ஒட்டிவைத்திருந்தார். மகன் முதலில் செய்த வேலை, அந்த டேப்பை உரித்ததுதான்.

ஆக்ஸ் திருகு செய்வது ஒரு சின்ன வேலை. அந்த மைக்கின் சத்தத்தில் எவ்வளவு பங்கு வாய்க்காலுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறது. மைக்குக்கு மைக் தனித்தனித் திருகு. பாட்டுக்காரருக்குப் பாதி வரை திறக்கலாம். தபேலாவுக்குக் கொஞ்சமாகத் திறக்கலாம். அறிவிப்பு மைக்குக்கு மொத்தமாக மூடிவிடலாம்.

எல்லா ஆக்ஸ் திருகுகளிலிருந்தும் வரும் பங்கு ஒன்றுசேர்ந்து, மிக்ஸரின் 'ஆக்ஸ் சென்ட்' என்ற துளை வழியாக வெளியே வரும். அங்கே ஒரு ஒயர். கடைத்தெருவில் 'பி-38' என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்தக் கால் இஞ்ச் பின் போட்ட ஒயர்தான். அதன் மறுமுனை எக்கோ மிஷினின் 'இன்புட்'டுக்குள் போகும். மிஷினின் 'அவுட்புட்'டிலிருந்து இன்னொரு ஒயர் திரும்ப மிக்ஸருக்கே வரும். மிக்ஸரில் 'ரிட்டர்ன்' என்று தனித் துளை இருந்தால் அதில் போடலாம். மகன் அதில் போடாமல், காலியாக இருந்த எட்டாவது மைக்கின் லைன் துளையில் போட்டான்.

"எதுக்குடா ஒரு மைக்கை வீணாக்குறே?"

"இங்க போட்டாதான் நைனா எக்கோவுக்குன்னு தனியா ஒரு தள்ளு கெடைக்கும். அறிவிப்புன்னா இதைக் கீழ தள்ளு. மொத்த எக்கோவும் போயிடும், குரல் மட்டும் நிக்கும். எக்கோவுல இருக்கிற 'கும்' சத்தத்தையும் இந்த பாஸ் திருகுல கொறச்சிக்கலாம்."

எக்கோ மிஷினின் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னான். செட்டுக்காரர் தயங்கித் தயங்கிப் பிடுங்கினார். எக்கோ போனது. குரல் அப்படியே நின்றது.

அவர் அந்த ஒயரை மூன்று முறை சொருகிச் சொருகிப் பிடுங்கினார்.

கொய்ங்ங்ங்...

முதல் நாளே எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. வீட்டு வாசலில் வைத்துச் சோதித்தபோது நாலு தப்பு வந்தது. மைக் செட் வைத்திருக்கும் யாருக்கும், ஏன், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மிக்ஸர் முன்னால் உட்கார வைக்கப்படும் பி.டி வாத்தியாருக்கும்கூட வரக்கூடிய தப்புகள்தான்.

முதல் தப்பு, 'கொய்ங்' என்று தெருவையே எழுப்பிய ஊளை. எக்கோ திரும்பிவரும் எட்டாவது மைக்கின் ஆக்ஸ் திருகு, தெரியாமல் திறந்திருந்தது. எக்கோ உள்ளே வருகிறது, அங்கிருந்து மறுபடி எக்கோ மிஷினுக்கே போகிறது, மறுபடி வருகிறது. பாம்பு தன் வாலையே விழுங்குகிற கதை. எக்கோ திரும்பும் இடத்தில் ஆக்ஸ் எப்போதும் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, குரல் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஒலித்தது. எக்கோ மிஷினில் 'மிக்ஸ்' திருகு பாதியில் இருந்ததுதான் காரணம். பழைய முறையில் குரலும் எக்கோவும் இரண்டுமே மிஷின் வழியாகத்தான் வர வேண்டும், அதனால் பாதியில் வைப்பது சரி. புது முறையில் குரல் ஏற்கெனவே நேர் வழியில் போய்விடுகிறது. மிஷினும் அதே குரலை ஒரு கண்ணிமைப்பு நேரம்கூட இல்லாத தாமதத்தில் திருப்பி அனுப்பினால், இரண்டும் மோதி ஒன்றையொன்று தின்றுவிடும். மிக்ஸை முழுக்க எக்கோ பக்கம் திருப்பியதும் குரல் தெளிந்தது. துருப்பிடித்த அந்தத் திருகை இதற்கு முன்பே மாற்றியிருந்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது கொஞ்சம் அமானுஷ்யமானது. மைக்கின் தள்ளுவை முழுக்கக் கீழே இறக்கிய பிறகும், தூரத்தில் பேய் பேசுவதுபோல் எக்கோ மட்டும் கேட்டது. செட்டுக்காரரின் மனைவி வாசலுக்கே வந்துவிட்டார். ஆக்ஸ் இரண்டு வகை. தள்ளுவுக்கு முன்னாலேயே சத்தத்தைப் பிரித்து எடுப்பது 'ப்ரீ'. தள்ளுவுக்குப் பின்னால் எடுப்பது 'போஸ்ட்'. மேடையில் பாடுபவர் தன் குரலைத் தானே கேட்க வைக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு ப்ரீ நல்லது. எக்கோவுக்குப் போஸ்ட்தான் வேண்டும். அப்போதுதான் குரலை இறக்கினால் எக்கோவும் கூடவே இறங்கும்.

நான்காவது, விடாத 'ம்ம்ம்' இரைச்சல். மிக்ஸர் ஒரு பிளக்கிலும், எக்கோ மிஷின் தூரத்தில் வேறொரு பிளக்கிலும் இருந்தன. இரண்டையும் எர்த் உள்ள ஒரே பலகைக்கு மாற்றியதும் இரைச்சல் நின்றது. 'எர்த் கம்பியைக் கழட்டிவிட்டால் இரைச்சல் போய்விடும்' என்று சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஈர மணலில் வெறுங்காலோடு மைக் பிடிக்கிற ஊரில் அது உயிரோடு விளையாடும் காரியம்.

அனுப்பும் அளவும் முக்கியம். எக்கோ மிஷினில் சிவப்பு விளக்கு எரிகிற அளவுக்கு ஆக்ஸைத் திறந்தால் எக்கோ உடைந்து கரகரக்கும். பச்சையில் ஓடி, உச்சஸ்தாயியில் மட்டும் மஞ்சளைத் தொட்டால் போதும்.

உப்புக்காற்றுக்கும் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். விசேஷம் முடிந்ததும் ஒவ்வொரு பின்னையும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடி போட்ட டப்பாவில் வைத்துவிட வேண்டும். மாதம் ஒரு முறை கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சொருகிச் சொருகி எடுக்க வேண்டும். வலையைத் துவைத்துக் காயவைக்கிற மாதிரிதான் இதுவும் என்று செட்டுக்காரரே சொல்லிக்கொண்டார்.

பேச்சுக்கு எதிரி யார்?

ஒரு நாள் ராத்திரி, கரையில் உட்கார்ந்திருந்தபோது மகன் ஒரு கணக்குச் சொன்னான்.

சத்தம் ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் போகும். அப்படியானால் 170 மீட்டர் தள்ளிக் கட்டியிருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் அரை விநாடி தாமதமாக நம்மிடம் வந்துசேரும். தெருவின் இரண்டு முனையிலும் ஸ்பீக்கர் கட்டினால், மிஷினே இல்லாமல் ஒரு எக்கோ தானாக வந்துவிடுகிறது. அதற்கு மேல் மிஷின் எக்கோவையும் ஏற்றினால் வார்த்தை எங்கே நிற்கும்?

நாம் பேசும்போது ஒரு விநாடிக்கு நாலைந்து அசைகள் வாயிலிருந்து விழுகின்றன. எக்கோ அரை விநாடிக்கு ஒரு முறை திரும்பி வந்தால், மூன்றாவது அசை முடிவதற்குள் முதல் அசை மறுபடி வந்து மோதும். பாட்டில் ஒரு எழுத்தை இழுத்துப் பாடுவதால் அது இனிமையாகிறது. பேச்சில் அதுவே சேறாகிறது. ஆக, எக்கோ கெட்டதல்ல. பாட்டுக்கும் பேச்சுக்கும் ஒரே எக்கோ வைப்பதுதான் கெட்டது.

"ராத்திரியில மட்டும் நம்ம செட்டு எதிர்க்கரை வரைக்கும் கேக்குதே, அது எப்படிடா?" என்று கேட்டார் அப்பா. இத்தனை வருடம் மனதில் இருந்த சந்தேகம் அது.

இரவில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும், அதற்கு மேலே இருக்கும் காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே போகிற சத்தம் அந்த வெதுவெதுப்பில் பட்டு வளைந்து மறுபடி தண்ணீர்ப் பக்கமே இறங்கும். அதனால்தான் ராத்திரியில் ஏரிமேல் சத்தம் வெகு தூரம் போகிறது என்று விளக்கினான்.

செட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ அன்னிக்கு, அந்தப் பசங்களுக்கே நம்ம மைக் கேட்டிருக்கும் இல்ல?"

கேட்டிருந்தது. அந்தப் பையனே பின்னால் சொல்லியிருந்தான். மணல் திட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் போட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஊர் மைக்கில் யாரோ பேசுவது கேட்டதாம். தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மட்டும் புரியவில்லையாம்.

மகன் அப்போதுதான் நல்லவாடு கதையைச் சொன்னான். புதுச்சேரிக்குப் பக்கத்திலிருக்கும் மீனவர் கிராமம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராமத் தகவல் மையம் வைத்திருந்தது. அந்த மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. 2004, டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். விஷயம் மையத்துக்குப் போனது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அலை வருவதற்குள் 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் ஊரைவிட்டு மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

"பாட்டுக்குன்னு வாங்கின செட்டுதான் நைனா நம்மளுது. ஆனா நம்ம ஊர்ல ஆபத்துன்னா சொல்றதுக்கும் அதே செட்டுதான்."

அதே டிசம்பர் 26 காலையை செட்டுக்காரரும் இந்தக் கரையில் பார்த்தவர்தான். அதற்குமேல் மகன் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் மைக்

அடுத்த வருட ஆடி மாதம். அதே அம்மன் கோயில், அதே மேடை. மிக்ஸரின் முதல் மைக்குக்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி, செட்டுக்காரர் தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'ஊர் மைக். எக்கோ வேணாம்.' அதன் ஆக்ஸ் திருகு பூஜ்ஜியத்தில் இருந்தது. அதை யாரும் திருப்பிவிடக் கூடாது என்று அதன்மேல் கறுப்பு டேப். ஒரு காலத்தில் தெரியாமல் ஒட்டிய டேப், இப்போது தெரிந்தே ஒட்டியது.

பாட்டுக்காரர் வந்ததும் வழக்கம்போலக் கேட்டார். "அண்ணா, எக்கோ நல்லா போடுங்க."

"போடுறேன் ராஜா. ஒனக்கு மட்டும் போடுறேன்."

ஒன்பது மணி வாக்கில் காற்று ஏறியது. ஏரி சலசலக்க ஆரம்பித்தது. ஊர்ப் பெரியவர் மேடையேறி முதல் மைக்கைக் கையில் எடுத்தார். மிக்ஸர் முன்னால் மகன் இருந்தான். எட்டாவது தள்ளுவைக் கீழே இறக்கினான்.

செட்டுக்காரர் மேடைப் பக்கமே இல்லை. அறிவிப்பு என்று தெரிந்ததும் எழுந்து, கூட்டத்தைத் தாண்டிக் கரைக்கு நடந்திருந்தார். போன வருடம் ஒன்றும் புரியாமல் ஆட்கள் நின்ற அதே இடத்தில் போய் நின்றுகொண்டார்.

"காத்து ஏறுதுப்பா. கரையில கட்டுன போட்டையெல்லாம் மேல இழுத்துக் கட்டுங்க. தெக்குப் பக்கம் ரெண்டு போட்டு அவுந்து கெடக்கு."

ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழுந்தது. பெரியவர் இரண்டாம் முறை சொல்வதற்குள் பத்துப் பதினைந்து பேர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியிருந்தார்கள். தெற்குப் பக்கத்துப் போட்டுகளை நோக்கித்தான் முதலில் ஓடினார்கள்.

செட்டுக்காரரும் ஒரு போட்டுக்குக் கை கொடுத்துவிட்டு, சட்டையெல்லாம் நனைந்து மேடைக்குத் திரும்பினார். பாட்டு மறுபடி தொடங்கியிருந்தது. எக்கோவும் திரும்பியிருந்தது.

ராத்திரி பத்து மணிக்கு மைக்கை நிறுத்திவிட்டு, பின்களை ஒவ்வொன்றாகத் துடைத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தபோது, போன வருடம் அழுத குரலில் பேசிய அதே பெண்மணி வந்தார். கையில் ஒரு சொம்பு நிறையக் கூழ்.

"குடிங்கண்ணா. வீட்டுக்குள்ள இருந்தேன். அறிவிப்பு நல்லா கேட்டுச்சு."

செட்டுக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சொம்பை வாங்கிக்கொண்டார்.